பதினோரு மாதத் தோட்டம்

முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவரின் வாடகை வீட்டுப் பால்கனியில் என்னென்ன செடிகள் நிற்கின்றன என்பதைக் கொண்டே, அந்த வீட்டில் இன்னும் எவ்வளவு காலம் இருக்கப்போவதாக அவர் எண்ணுகிறார் என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். விதைத்த இருபது, இருபத்தைந்து நாளில் பறித்துவிடக்கூடிய சிறுகீரையும் வெந்தயக்கீரையும் மட்டும் இருந்தால், அவர் அடுத்த மாதத்தைப் பற்றியே உறுதியில்லாதவர். வெண்டையும் தக்காளியும் இருந்தால், ஒரு பருவம் முடியும்வரை இடம் மாற வேண்டியிராது என்று கணக்கிட்டவர். கறிவேப்பிலைக் கன்று இருந்தால், அதன் இலையைத் தாராளமாகக் கிள்ள ஓராண்டுக்கு மேலாகும் என்பதால், ஆய்வேடு முடிய நாளாகும் என்பதை மனத்தளவில் ஏற்றுக்கொண்டவர். வீட்டுத் தோட்டம் பற்றிய எழுத்துகள் நஞ்சில்லா உணவு, செலவுச் சிக்கனம், மன நிம்மதி ஆகிய மூன்றையுமே சுற்றிவருகின்றன. சொந்த நிலமும் நிலையான முகவரியும் இல்லாத ஒருவர் செடி வளர்க்கும்போது, அத்தோட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது இம்மூன்றையும்விடக் காலக்கெடுவே என்பது அவற்றில் அதிகம் பேசப்படுவதில்லை.

இதைக் கண்டறியச் சென்னை பொருத்தமான களம். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எனக் கிண்டி முதல் தரமணி வரையிலான சில கிலோமீட்டருக்குள் ஆய்வு நிறுவனங்கள் நெருங்கி நிற்கின்றன. விடுதியில் அறை கிடைக்காதவர்களும், மணமானவர்களும், சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பியவர்களும் வேளச்சேரி, கொட்டிவாக்கம், திருவான்மியூர் போன்ற பகுதிகளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். சேப்பாக்கம் வளாகத்து மாணவர்களுக்கு அருகில் இருப்பவை திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். துணி உலர்த்தவே இடம் தேட வேண்டிய அவ்வறைகளில் தோட்டத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பால்கனித் தோட்டம் ஆய்வு மாணவர் எல்லோருக்கும் உரிய பழக்கமன்று. வாடகை கொடுக்க முடிந்த ஒரு பகுதியினருக்கு வாய்த்தது.

கெடுக்களின் நடுவே

ஆய்வு மாணவரின் காலத்தை இரண்டு கடிகாரங்கள் அளக்கின்றன. முதலாவது உதவித்தொகை. தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது, இரண்டாண்டுக்குப்பின் முதுநிலைக்கு உயர்ந்தால் ரூ.42,000. இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் ஐந்தாண்டு. இத்தேர்வின் வழி வராமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அளித்துவரும் தொகை மாதம் ரூ.8,000 மட்டுமே; எந்த உதவித்தொகையும் இல்லாமல், மாலை நேரப் பகுதிநேரப் பணியை நம்பி ஆய்வு செய்பவர்களும் உண்டு. ஆனால் மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டப் படிப்புக்குக் குறைந்தது மூன்றாண்டும் அதிகபட்சம் ஆறாண்டும் அனுமதிக்கின்றன. பணம் நிற்கும் ஆண்டுக்கும் படிப்பு முடிய வேண்டிய ஆண்டுக்கும் இடையே இப்படி விழும் ஓராண்டு இடைவெளி பால்கனி வரைக்கும் வந்து சேர்கிறது.

இரண்டாவது கடிகாரம் வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், அதற்குள் அடங்கும்படி பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நாடெங்கும் வழக்கமாயிற்று. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், கால அளவு எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்று விதித்ததோடு, குடியிருப்பு வீட்டுக்கான முன்பணத்தை மூன்று மாத வாடகைக்கு மிகாமல் வரம்பிட்டது. சட்டம் மாறியும் பதினோரு மாதம் என்ற எண் மட்டும் பழக்கத்தில் நிலைத்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வாடகை உயர்வோடு சேர்த்துப் பால்கனித் தரையின் கறையும் பேச்சுக்கு வருவதைக் குடியிருப்போர் அறிவர்.

இந்த இரண்டு கெடுக்களையும் பயிர்களின் வயதோடு ஒப்பிட்டால் தெரிவு தானாகவே சுருங்குகிறது. கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் காய்க்க இரண்டு மாதம், பறிப்புக்கு மேலும் இரண்டு மூன்று மாதம் என அரையாண்டு வேண்டும். தக்காளிக்கு நான்கரை மாதம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கி நூறு நாளுக்குள் ஓய்ந்துவிடும். ஒருமுறை விதைத்தால் வெட்டவெட்டத் தழைக்கும் அரைக்கீரை இவற்றுக்கு இடைப்பட்டது. எந்த வாரம் கைவிட நேர்ந்தாலும் அதுவரை கிடைத்தது லாபமாகவே இருக்கும் என்பதால் ஆய்வு மாணவர்க்கு அதைவிட ஏற்ற பயிர் அரிது.

விளைச்சலைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூவர் வாழும் வீட்டுக்கு அது ஒன்றே கால் கிலோவை நெருங்கும். ஆறேழு பைகள் மட்டுமே கொள்ளும் பால்கனி இத்தேவையில் சிறு பங்கைக்கூடத் தொடர்ந்து ஈடுகட்டாது. குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி முழுவதும் பால்கனியிலேயே விளைகிறது என்று காட்டும் காணொளிகள் ஒரு நல்ல வாரத்தின் பறிப்பை ஆண்டு முழுவதற்குமானதாகக் காட்டுகின்றன. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ ரூ.100ஐத் தாண்டி, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் ரூ.60க்கு விற்க நேர்ந்தபோது பலர் தொட்டியில் தக்காளி விதைத்தனர். ஆனால் பகல் வெப்பம் 35 பாகையை ஒட்டியும் இரவு வெப்பம் 25 பாகைக்கு மேலும் நிற்கும் அம்மாதங்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழப்பதால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். கடையில் விலை ஏறும் பருவத்தில் சென்னைப் பால்கனியிலும் காய் பிடிக்காது. இங்கே அது காய்த்துக் குலுங்கும் தை மாதத்திலோ சந்தையிலும் மலிவாகவே கிடைக்கும்.

எந்தத் திசைப் பால்கனி?

வீடு பார்க்கும்போது ஆய்வு மாணவர் கேட்பவை வாடகை, முன்பணம், தண்ணீர், வளாகத்துக்கான தூரம் ஆகியவையே. பால்கனியின் திசையை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்காக வீட்டை ஒதுக்கும் வசதி அவர்க்கு இல்லை. இருந்தும் அடுத்த சில ஆண்டுகளுக்கு எது விளையும் என்பதைத் திசையே முடிவுசெய்கிறது. காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர நேரடி வெயிலும், கீரைகளுக்கு மூன்று நான்கு மணிநேரமும் வேண்டும் என்பது பொதுவான அளவு.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னரும், நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எஞ்சிய மாதங்களில் தெற்கே சாய்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் மட்டுமே இருப்பதால், நாலடி ஆழமுள்ள தெற்குப் பால்கனி ஒன்றில், மேல்தளத்தின் தடுப்பையும் மீறி வெயில் சுவர்வரை உள்ளே பாயும். வடக்குப் பால்கனியில் நிலைமை நேர்மாறானது: அங்கே வெயில் வருவது கோடையில்தான், அப்போதும் சூரியன் கிட்டத்தட்ட உச்சியிலேயே நிற்பதால், நடுப்பகலில் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் ஓரடி, ஒன்றரை அடிப் பட்டையில் மட்டும் விழுந்து மறைந்துவிடும். தக்காளியின் பருவம் குளிர்மாதங்களாகவே இருப்பது தெற்குப் பால்கனிக்காரரின் நல்வாய்ப்பு. கிழக்குப் பால்கனி ஆண்டு முழுவதும் இளவெயில் பெறுவதால் கீரைக்கும் மிளகாய்க்கும் உகந்தது. மேற்குப் பால்கனியில் சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல் வெயில் பைகளின் பக்கவாட்டைச் சுட்டு வேரை வாட்டுவதால், வெண்டை போன்ற வெப்பம் தாங்கும் பயிரையன்றி வேறெதையும் அங்கே நம்ப முடியாது.

கைப்பிடிச் சுவர் கம்பியாக இல்லாமல் செங்கல்லாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மூன்றடிச் சுவரின் நிழல் மார்கழி நண்பகலிலும் இரண்டடிக்கு மேல் தரையில் விழுவதால், சுவரை ஒட்டித் தரையில் வைத்த செடிதான் குறைந்த வெயில் பெறும். பழைய முக்காலி, உடைந்த புத்தக அலமாரி, காலி பெயின்ட் வாளி என்று கிடைத்ததன் மேல் பைகளை உயர்த்தி வைப்பது இதனால்தான்.

பையும் நீரும்

தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளை என்ற பெயரில் மானிய விலைப் பொருள்தொகுப்பை அறிமுகப்படுத்திய பிறகு, செடி வளர்ப்புப் பையும், நீரில் ஊறவைத்தால் பலமடங்கு உப்பும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும் நகரத்தில் எங்கும் கிடைக்கும் பொருள்களாயின. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் துகளே நார்க்கழிவு. தன் எடையைப்போல் பலமடங்கு நீரைப் பிடித்துவைக்கும் இது மண்ணைவிட மிக இலகுவானது. மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமப்பவர்க்கும் பால்கனித் தளத்துக்கும் அதனால் பாரம் குறைகிறது. குடியிருப்புக் கட்டடங்களின் பால்கனிகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஓரடிக் கனச்சதுரப் பையை ஈரமண்ணால் நிரப்பினால் அது ஒன்றே நாற்பது கிலோவைத் தாண்டும்; நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் கலவையில் அதில் ஏறக்குறைய பாதிதான். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்த பழைய கட்டடங்களில் இந்தத் தர நிர்ணயத்தை நம்பிப் பைகளை அடுக்குவது அறிவுடைமையாகாது. வீட்டு உரிமையாளர்கள் அஞ்சுவது பாரத்துக்கன்று, கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும் நீர்க்கசிவுக்கு. பையின் கீழ் ஒரு தட்டு வைப்பது செடிக்குச் செய்யும் உதவி என்பதைவிட ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு.

நார்க்கழிவின் இரு குறைகளை விற்பவர்கள் சொல்வதில்லை. அதில் இயல்பாகவே உப்பு மிகுந்திருப்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசி வடித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மேலும் அதில் ஊட்டம் ஏதும் பெரிதாக இல்லாததோடு, அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்வதால், உரம் சேர்க்காத பையில் நாற்றுகள் வெளிறி நிற்கும். தழைச்சத்து என்பது இலை வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன். மண்புழு உரம், கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீர், பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஆகியவை இதற்கு மாற்று. பின்னிரண்டும் அடுக்குமாடியில் பயன்படுத்தத்தக்கவையா என்பதை அண்டைவீட்டாரின் மூக்கே முடிவுசெய்யும்.

நீரின் கதை இன்னும் நுட்பமானது. சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில், குளிக்கவே லாரி நீரை எதிர்பார்த்திருந்த குடியிருப்புகளில் செடிக்கு ஊற்றுவது குற்றமாகவே பார்க்கப்பட்டது. இயல்பான ஆண்டுகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில், பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிவதைக் காணலாம். வீணாகிறதே என்று குடிநீர்ச் சுத்திகரிப்பானின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சுத்திகரிப்பான் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அக்கழிவுநீரில் செறிந்திருப்பதால், தரை மண்ணைப்போல் ஆழமாக வடிய வழியில்லாத பையில் அது நாளடைவில் தங்கி வேரைக் கெடுக்கும். அறைக் குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. கடற்காற்றின் ஈரம் மிகுந்த சென்னையில் ஓரிரவுக்குள் ஒரு வாளியில் சில லிட்டர் சேர்ந்துவிடும். மேல்வீட்டுக் குழாயின் கீழ் வாளி வைக்க உரிமை கேட்பது, உதவித்தொகையில் குளிர்சாதனம் வைத்துக்கொள்ள முடியாத மாணவருக்கு உள்ள எளிய வழி.

காலையும் மாலையும்

ஆய்வு மாணவரின் நாளில் தோட்டத்துக்குக் கிடைப்பவை இரண்டு சிறு வேளைகள். காலை எட்டு மணிக்குள் நீர் ஊற்ற வேண்டும். கோடையில் மாலையிலும் ஒருமுறை. இலையின் அடிப்புறத்தைத் திருப்பி மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ உண்டா என்று பார்ப்பதும் இவ்வேளையிலேயே. வெள்ளை ஈயை ஓரிரு வாரம் கவனியாமல் விட்டால், அது பரப்பும் நச்சுயிரியால் வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகித் தேமல் நோய் பிடித்துவிடும்; அதன்பின் அச்செடியைப் பிடுங்கி எறிவதையன்றி மருந்தில்லை. ஆய்வேட்டின் இயலொன்றை நெறியாளரிடம் கொடுக்க வேண்டிய பதினைந்து நாளும், இந்தப் பதினைந்து நாளும் ஒன்றாக வருவது வழக்கம்.

மாடியில் தேனீ குறைவு என்பதால் மகரந்தச் சேர்க்கையும் மாணவரின் வேலைப் பட்டியலில் சேர்கிறது. தக்காளியிலும் கத்தரியிலும் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஆனால் மகரந்தம் குழாய்போன்ற பைக்குள் அடைபட்டிருப்பதால், அதிர்வு கொடுத்தால்தான் உதிரும். திறந்த வெளியில் இதைச் செய்வது சிறகை அதிர்த்து ரீங்கரிக்கும் தச்சு வண்டுபோன்ற வகைகள். சாதாரணத் தேனீயால் இயலாது. பால்கனியில் காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலே போதும். பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. முதலில் வருபவை ஆண் பூக்கள் என்பதால், பத்து நாள் பூத்து உதிர்வதைப் பார்த்துக் கொடியைப் பழிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். பாகல் காலையில் மலர்கிறது, பீர்க்கு மாலையில். ஆய்வகத்திலிருந்து இருட்டும் நேரத்தில் திரும்புபவர்க்கு ஏற்றது பீர்க்கே. அப்போது ஆண் பூவொன்றைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சோடு நிற்கும் பெண் பூவின் நடுவே தொட்டுவிட்டால் காய் பிடித்துவிடும். சங்கப் பாடல்கள் பிரிவால் மெலிந்த தலைவியின் பசலைக்கு ஒப்பிட்ட மஞ்சள் பூ இதுவே. கால நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பவர்க்கும் அந்த நிறம் பொருந்தாமலில்லை.

களப்பணி, கருத்தரங்கு, ஊர்த் திருவிழா என்று பத்து நாள் வெளியே போக நேர்வது இத்தோட்டத்தின் பெரிய சோதனை. நீர் நிறைந்த வாளியிலிருந்து பருத்தித் திரியைப் பைக்குள் செருகிவைத்தால் நுண்துளை ஈர்ப்பால் ஈரம் மெல்ல ஏறும். கீரைக்கு இது போதும், காய்க்கும் தக்காளிக்குப் போதாது. மற்றபடி அறைத்தோழரின் நினைவாற்றலே கதி.

நிம்மதி என்ற வாதம்

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான ஓர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், கேட்டறிந்து, அவர்களிடையே மிதமான அல்லது கடுமையான பதற்றம் 41 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு 39 விழுக்காட்டினருக்கும் இருந்ததாகவும், பொதுமக்களிடையே அது 6 விழுக்காடே என்றும் கூறியது. தாமாக முன்வந்து பதில் அளித்தவர்களைக் கொண்டு செய்த கணக்கு என்பதால் அந்த எண்களை அப்படியே எல்லோர்க்கும் பொருத்த இயலாது. ஆயினும் துன்பம் உண்மையானது. ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989இல் நூலாக விரித்துரைத்த கவன மீட்புக் கோட்பாடு இங்கே அடிக்கடி துணைக்கழைக்கப்படுகிறது: வாசிப்பு, கணக்கீடு போன்ற வேலைகள் வலிந்து செலுத்தும் கவனத்தைத் தீர்த்துவிடுகின்றன, இலை, நீர், மேகம் போன்றவை வலியாமலே ஈர்ப்பதால் அக்கவனம் மீண்டும் ஊறுகிறது என்பது அதன் சாரம்.

இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவருக்குத் தோட்டம் தரும் ஆறுதலுக்கு இன்னும் எளிய காரணம் உண்டு. ஆய்வுக் காலத்தில் அவர் செய்யும் எல்லா வேலையும் அரையாண்டுக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட்டு, போதுமா போதாதா என்று தீர்க்கப்படுகிறது. பால்கனிக் கத்தரியைப் பற்றி எந்த அறிக்கையும் தர வேண்டியதில்லை. கத்தரி பட்டுப்போனால் அதன் காரணத்தை எழுதி விளக்கவும் வேண்டியதில்லை. இதனால்தான் தோட்டத்தையே மனநலச் சிகிச்சையாகப் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைக்கத் தொடங்குவது ஐயத்துக்குரியது: வருகைப்பதிவும் புகைப்படச் சான்றும் கேட்கும் தோட்டம் இன்னொரு முன்னேற்ற அறிக்கையாகிவிடும். தாமதமாகும் உதவித்தொகைக்கு மாற்றாகக் கீரை விதைப் பொட்டலம் வழங்குவது எவ்வகையிலும் நியாயமன்று.

ஆய்வேடு ஒப்படைத்த பின்

2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் உள்ளிட்ட முழு நடைமுறையையும் பல்கலைக்கழகம் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஒப்படைத்தவரின் கையில் அதுவரை கிடைக்காத ஒன்று இப்போது நிறைய இருக்கிறது: நேரம். காலையும் மாலையும் இலையைத் திருப்பிப் பார்க்கலாம். பழைய பைகளின் கலவையைப் பால்கனியில் பரப்பி நன்றாக வெயிலில் உலர்த்தி, மண்புழு உரம் கலந்து மீண்டும் நிரப்பலாம். முன்பு துணிந்து நடாத கத்தரியை நடலாம். நாற்று முதல் கடைசிப் பறிப்பு வரை அதன் வாழ்நாளும் ஏறக்குறைய இந்த ஆறு மாதமே. அதே சமயம், ஐந்தாண்டு நிறைந்துவிட்டவருக்கு மாதந்தோறும் வந்த தொகை இப்போது வருவதில்லை. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கோ பட்டச் சான்று இல்லாமல் பதில் வருவதில்லை. இதுகாறும் வீட்டுச் செலவில் கணக்கிலேயே வராதிருந்த அந்தக் கைப்பிடிக் கத்தரியும் அரைக்கீரையும், வாரத்தில் இரண்டு நாள் காய்கறிக் கடைக்குப் போகாமலிருக்க உதவுகின்றன.